தேன்கனிக்கோட்டையை இதுவரை ஆண்டது யார்? கோட்டைக் காலம் முதல் செயல் அலுவலர் வரை

கோட்டைவாசல்
வணக்கம். பேட்டராய சுவாமி தேர்த் திருவிழாவுக்கு எங்க பசங்க சேர்ந்து ஒரு சின்ன மலர் கொண்டு வர்றாங்க. அதுல ஊர் வரலாறு நாலு பக்கம் என் தலையில விழுந்திருக்கு. தல புராணம், கோட்டை, குளிர் இதையெல்லாம் ஏற்கெனவே எழுதித் தள்ளிட்டாங்க. எனக்கு வேண்டியது வேற. இந்த ஊர்ல சாக்கடை, குடிதண்ணி, தெருவிளக்கு, சந்தை இதுக்கெல்லாம் காலம் காலமா யார் பொறுப்பு? வரியை யார் வாங்கினாங்க? அந்த வரிசையை யாராவது எடுத்துக் கொடுத்தா புண்ணியமாப் போகும்.

பாலக்கோடு தக்காளி
ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் யானை. மத்த மாசம் ஓசூர் ரியல் எஸ்டேட்காரங்க. எழுதியாச்சு, அச்சுக்கு அனுப்புங்க.

கர்ணம்வீட்டுப் பேரன்
தக்காளி, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க.

தம்பி கோட்டைவாசல், முதல்ல ஒண்ணைத் தெளிவா வச்சுக்குங்க. மலைக்குக் கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் பாராமகால். ராயக்கோட்டை வழியா மேலே ஏறி வந்தா ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை எல்லாம் பாலாகாட். ரெண்டும் ஒரே நாள்ல கை மாறலை. 1791ல கிழக்கிந்தியக் கம்பெனியோட மேஜர் கவுடி படையோட வந்து ராயக்கோட்டையைப் பிடிச்சார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தார். நம்ம மேட்டுப் பகுதி அப்பவும் மைசூர் சீமைதான். 17ஆம் நூற்றாண்டுல கண்டீரவ நரசராஜ உடையார் காலத்துல இருந்து அங்கேதான் கிடந்தது. 1799ல திப்பு விழுந்த பிறகுதான் கம்பெனி வசம் வந்தது. ஆக ஏழு வருஷம் ராயக்கோட்டைதான் எல்லை. கீழே ஒரு சர்க்கார், மேலே ஒரு சர்க்கார். இணையத்துல பாதிப் பேர் ரெண்டையும் சேர்த்து 1792ன்னு போட்டு வச்சிருக்காங்க. உங்க மலர்ல அது வர வேண்டாம்.

அந்த ஏழு வருஷம் கீழே நடந்ததுதான் பின்னாடி மேலேயும் வந்தது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியா தருமபுரியில இருந்து வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ, பின்னாளில சென்னை மாகாண கவர்னர். நிலத்தை அளந்து, நடுவுல யாரும் இல்லாம, உழுகிறவன் பேர்லயே தீர்வை போடற ரயத்துவாரி இந்த மண்ணுலதான் பழகிப் பார்த்தாங்க. எங்க மேட்டுல பாகலூர், பேரிகை, சூளகிரின்னு பாளையங்கள் இருந்ததால கதை கொஞ்சம் சிக்கல். அந்த மாதிரி ஜமீன்கள் ஒழியறதுக்கு 1948 சட்டம் வர வேண்டியிருந்தது.

இப்போ உங்க கேள்வி. ஊருக்குள்ள ஆண்டது கவர்னரும் இல்லை, கலெக்டரும் இல்லை. வரி வசூலிக்கிற மணியகாரரும் நிலக் கணக்கு எழுதற கர்ணமும். மணியகாரரை முன்சீப்புன்னும் சொல்வாங்க. ராஜாஜி 1878ல பிறந்த தொரப்பள்ளி நம்ம ஓசூர் பக்கம்தான், அவங்க அப்பா அந்த ஊர் முன்சீப்பு. எங்க தாத்தா கர்ணம். கணக்கெல்லாம் தெலுங்கு எழுத்து. அடங்கல், சிட்டா எல்லாம் சிவப்புத் துணியில கட்டி ஒரு தகரப் பெட்டியில இருக்கும். வருஷா வருஷம் தாலுகாவுல கணக்கைச் சரிபார்க்கிற ஜமாபந்தி வந்தா அந்தப் பெட்டியைத் தலையாரி தலையில தூக்கிட்டு முன்னால போவார், தாத்தா கோட்டு போட்டுட்டுப் பின்னால போவார். அந்தப் பெட்டியை வீட்டுல யாரும் தொடக் கூடாது. பாட்டி கூட அதைச் சுத்தித்தான் கூட்டுவாங்க. ஒருத்தன் நிலம் அவனோடதா இல்லையான்னு சொல்றது அந்தப் பெட்டிதான். அதனால ஊர்ல தாத்தாவுக்கு மரியாதையும் உண்டு, முதுகுக்குப் பின்னால திட்டும் உண்டு. ரெண்டுமே நியாயம்தான்னு இப்போ தோணுது.

1980 நவம்பர் 14ஆம் தேதியோட அது முடிஞ்சுது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு பரம்பரையா வந்த மணியகாரர், கர்ணம் பதவிகளை ஒழிச்சுது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 1982ல அரசு பக்கம்தான் தீர்ப்பு. அதுக்கப்புறம் கிராம நிர்வாக அலுவலர். பெட்டி போச்சு, பீரோ வந்துச்சு.

தளி ரோஜா
ஐயா எழுதினது படிக்க நல்லா இருக்கு. ஆனா கோட்டைவாசல் கேட்டது அது இல்லைங்களே? கர்ணம் நிலத்துக்கு. சாக்கடைக்கு யாரு? தண்ணிக்கு யாரு? உங்க தாத்தா பெட்டியில தெருவிளக்கு இருந்துச்சா?

கர்ணம்வீட்டுப் பேரன்
தெருவிளக்கே இல்லையேம்மா!

ஓய்வுபெற்ற எழுத்தர்
தளி ரோஜா சொல்வது சரி. வருவாய்த் துறை வேறு, உள்ளாட்சி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் பக்கம் சகஜம். முப்பது வருடத்துக்கு மேல் பேரூராட்சிகளில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் என்ற முறையில் உள்ளாட்சிக் கதையை மட்டும் சொல்கிறேன்.

1884 உள்ளாட்சி வாரியச் சட்டத்தில் மூன்று அடுக்கு வந்தது: மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், கீழே சில பெரிய ஊர்களுக்கு யூனியன். நமக்கு மாவட்டம் என்றால் அப்போது சேலம். சாலை, சத்திரம், தடுப்பூசி, பள்ளிக்கூடம் எல்லாம் வாரியத்தின் வேலை. 1934இல் தாலுகா வாரியங்களை எடுத்துவிட்டார்கள். 1950இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். 1958இல் வந்த ஊராட்சிச் சட்டம்தான் முக்கியம். மக்கள் தொகை 5000 தாண்டிய, ஓரளவு வருமானம் உள்ள ஊர் பேரூராட்சி, மற்றவை கிராம ஊராட்சி என்று பிரித்தது அந்தச் சட்டம். 1960 அக்டோபர் 2 முதல் ஊராட்சி ஒன்றியங்கள், காமராஜர் காலம். நம் பக்கத்துக்குத் தளி ஒன்றியமும் கெலமங்கலம் ஒன்றியமும்.

பேரூராட்சிகளுக்கு 1981இல் தனி இயக்குநரகம் வந்தது. 1992இல் அரசியல் சாசனத்தின் 73, 74ஆவது திருத்தங்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி 1994 சட்டத்தின் கீழும், பேரூராட்சி பழைய 1920 நகராட்சிச் சட்டத்தின் கீழும் போய்விட்டன. அதுவரை ஒரே சட்டத்தில் இருந்த அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தது அங்கேதான். பேரூராட்சியான தேன்கனிக்கோட்டைக்கும் கிராம ஊராட்சியான தளிக்கும் இன்றைக்கு உள்ள வித்தியாசத்தின் வேர் அதுதான்.

கோட்டைவாசல்
அருமை சார். இதுதான் எனக்கு வேண்டியது. 2004ல "சிறப்பு கிராம ஊராட்சி"ன்னு எங்க ஊரை மாத்தினாங்கன்னு அப்பா சொல்வார். அது என்ன கூத்து?

ஓய்வுபெற்ற எழுத்தர்
கூத்தேதான். 2004 ஜூனில் தமிழ்நாடு முழுக்க 561 பேரூராட்சிகளை ஒரே ஆணையில் சிறப்பு கிராம ஊராட்சி ஆக்கினார்கள். கிராமம் என்று பெயர் இருந்தால் மத்திய அரசின் ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், டில்லி பணத்துக்கு எல்லா மாநிலமும் ஏதாவது செய்யத்தான் செய்கிறது. ஆனால் அலுவலகத்தில் நாங்கள் பட்ட பாடு! பெயர்ப் பலகை மாற்று, ரப்பர் முத்திரை மாற்று, ரசீதுப் புத்தகம் மாற்று. 2006 ஜூலையில் ஆட்சி மாறிய கையோடு மறுபடி பேரூராட்சி. பழைய முத்திரையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு அலுவலக உதவியாளர் அன்றைக்கு எங்களுக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

பாலக்கோடு தக்காளி
கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் அதே 2004தானே? பிப்ரவரி 9. ஒரே வருஷத்துல மாவட்டமும் மாறி ஊர் அந்தஸ்தும் மாறியிருக்கு. ஒரு ஆளு பிப்ரவரிக்கு முந்தி தருமபுரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை பேரூராட்சின்னு விலாசம் எழுதியிருப்பான். ஜூலையில கிருஷ்ணகிரி மாவட்டம், சிறப்பு கிராம ஊராட்சி. வீடு மட்டும் அதே வீடு, ஒழுகறதும் அதே இடத்துல.

கர்ணம்வீட்டுப் பேரன்
இதையும் சேருங்க. 1965 அக்டோபர் 2 வரைக்கும் நம்ம ஆளுங்க கலெக்டரைப் பார்க்கணும்னா சேலம். அதுக்கப்புறம் தருமபுரி. 2004க்கப்புறம் கிருஷ்ணகிரி. ரெண்டு தடவை கலெக்டர் ஆபீஸ் நம்மைத் தேடி கிட்ட வந்திருக்கு. சேலத்துக்குப் போறதுன்னா அந்தக் காலத்துல கட்டுச்சோறு கட்டிட்டுப் போற வேலை. 1913ல ஓசூர் வரைக்கும் வந்த தருமபுரி சின்ன ரயில் இருந்துச்சு, அதையும் ரெண்டாம் உலகப் போர் சமயம் 1941ல நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க. இப்போ ராயக்கோட்டை வழியா ஓடற பெரிய ரயில் அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு 1960கள்ல போட்டது. அதுலயும் கெலமங்கலத்துக்கு ஸ்டேஷன் இருக்கு, தேன்கனிக்கோட்டைக்கு இல்லை.

1956ல மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ கோவை ஜில்லாவுல இருந்த கொள்ளேகால் மைசூர் பக்கம் போச்சு. ஓசூர் தாலுகா இங்கேயே நின்னுது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதும் ஒரே தெருவுல பேசற ஊரு நம்மளுது. எந்தப் பக்கம் போயிருந்தாலும் பாதிப் பேருக்கு மனக்குறைதான்.

யானைவழி
மொழி பத்தி ஒரு சின்னச் சேதி. 2022 பிப்ரவரி 19 தேர்தல்ல எங்க வார்டுல வீடு வீடா வந்த ஒரு வேட்பாளர், எங்க வீட்டுல தமிழ், எதிர் வீட்டுல தெலுங்கு, முக்கு வீட்டுல உருது. கை கூப்பறது மட்டும் எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி. ஓட்டு யாருக்கு விழுந்துச்சோ, அவர் மொழித் திறமைக்கு நான் போட்டிருப்பேன்.

தளி ரோஜா
அந்த 2022 தேர்தல் பத்தி எனக்கு ஒரு கோபம் இருக்கு, சொல்லிடறேன். அங்க நீங்க ஓட்டுப் போட்டது வார்டு உறுப்பினருக்குத்தான். தலைவரை மார்ச் 4ஆம் தேதி உறுப்பினர்கள் உள்ள உக்காந்து தேர்ந்தெடுத்துக்கிட்டாங்க. 1996, 2001, 2011ல எல்லாம் பேரூராட்சித் தலைவரை ஜனங்க நேரடியாத் தேர்ந்தெடுத்தாங்க. 2006லயும் 2022லயும் மட்டும் மறைமுகம். எங்க கிராம ஊராட்சியில அப்படி இல்லை. வார்டு மெம்பருக்கு ஒரு சீட்டு, தலைவருக்கு ஒரு சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒண்ணு, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒண்ணு. நாலு நிறத்துல நாலு சீட்டு குத்திட்டு வருவோம். தலைவர் வேலை செய்யலைன்னா வீட்டு வாசல்ல நின்னு கேட்கலாம், "உனக்குத்தானே போட்டேன்"னு. டவுன்காரங்க யாரைக் கேட்பீங்க?

ஓய்வுபெற்ற எழுத்தர்
அம்மா, நேரடித் தேர்தலிலும் கோளாறு உண்டு. தலைவர் ஒரு கட்சி, உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு கட்சி என்று அமைந்துவிட்டால் ஐந்து வருடமும் ஒரு தீர்மானம் நிறைவேறாது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் குப்பை வண்டி வாங்கும் தீர்மானம் கூட்டத்துக்குக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, கடைசியில் வண்டியின் விலையே ஏறிவிட்டது. மறைமுகத் தேர்தலில் அந்தச் சிக்கல் குறைவு.

தளி ரோஜா
சிக்கல் குறைவு யாருக்கு சார்? உங்களுக்கு. ஆபீசுக்கு.

பாலக்கோடு தக்காளி
சார் அடி பலமா விழுந்துச்சு.

ஓய்வுபெற்ற எழுத்தர்
விழட்டும். ஆனால் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். தலைவர் நேரடியா மறைமுகமா என்பதற்கு முன்னால், தலைவர் என்று ஒருவர் இருந்த வருடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஊராட்சித் தேர்தல் 1970க்குப் பிறகு 1986இல்தான் நடந்தது. அந்தக் காலம் 1991இல் முடிந்தது, அடுத்த தேர்தல் 1996. பிறகு இருபது வருடம் ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபரில் முடிந்த பிறகு நம் பக்கத்துக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல், பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். நடுவில், தேர்ந்தெடுத்த ஆட்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர். கிராமங்களுக்கு அந்த ஐந்து வருடமும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார்.

தனி அலுவலர் காலத்தில் வேலையே நடக்காது என்று சொல்ல மாட்டேன். சம்பளம் போடுவோம், மோட்டார் ரிப்பேர் பார்ப்போம், பில் பாஸ் ஆகும். சில அலுவலர்கள் தலைவர்களைவிடச் சுறுசுறுப்பு. ஆனால் புதிதாக ஒரு தெருவுக்குக் குழாய் வேண்டும் என்றால் யாரும் கேட்டு வரமாட்டார்கள், வந்தாலும் எங்களிடம் சொல்லத் தயங்குவார்கள். கவுன்சிலர் என்றால் டீக்கடையிலேயே பிடித்துக் கேட்டுவிடுவார்கள். எங்கள் கோப்புகளில் அந்த வருடங்களில் தெருவாசிகளின் மனுக்கள் பாதியாகக் குறைந்ததை நானே பார்த்தேன். குறை குறைந்துவிட்டதா என்ன?

கோட்டைவாசல், உங்கள் கட்டுரைக்குத் தலைவர்கள் பட்டியல் போட்டால் இந்த இடைவெளிகளையும் வருடத்தோடு போடுங்கள். வழக்கமாகத் திருவிழா மலர்களில் தலைவர் பெயருக்கு அடுத்து அடுத்த தலைவர் பெயர் வந்துவிடும், நடுவில் யாரும் இல்லாத வருடங்கள் தெரியவே தெரியாது.

கோட்டைவாசல்
இது நல்ல யோசனை சார். கண்டிப்பா போடறேன். "தனி அலுவலர்"னு ஒரு வரி, வருஷத்தோட.

மலைச்சாலை
புதுசா வந்திருக்கேன், இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். ஒரு கேள்வி இருக்கு, கடைசியில கேட்கிறேன். இப்போ சொல்லுங்க, தளி பேரூராட்சி ஆனா நல்லதா கெட்டதா? பூ, பசுமைக்குடில், ரோஜா ஏற்றுமதின்னு ஊரு டவுன் மாதிரிதானே இருக்கு?

தளி ரோஜா
நான் பசுமைக்குடில் வச்சிருக்கிறவதான், அதனால டவுன் ஆனா எனக்கு லாபம்னு நினைப்பீங்க. ஆனா எங்க குடில்ல பூ வெட்ட வர்ற பொம்பளைங்களைக் கேளுங்க. நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தான், பேரூராட்சி ஆனா அட்டை செல்லாது. பூ விலை சரிஞ்ச மாசம், ஆள் நிறுத்தின மாசம், அந்த வேலைதான் அவங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கும். அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போ மார்ச் 22, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு. அங்க வரவு செலவு வாசிச்சே ஆகணும். நான் எழுந்து நின்னு போர்வெல் செலவை வாசிக்கச் சொல்லியிருக்கேன், வாசிச்சாங்க. முகம் சுளிச்சிட்டுத்தான் வாசிச்சாங்க, ஆனா வாசிச்சாங்க.

வரி வேற. எங்களுக்கு வீட்டு வரி. பேரூராட்சியில சொத்து வரி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. 2022ல அதை 600 சதுர அடிக்கு உள்ள 25 சதவீதம், அதுக்கு மேல போகப் போக 50, 75, 1800க்கு மேல 100 சதவீதம்னு ஏத்தினாங்க. தேன்கனிக்கோட்டையில இருக்கிற எங்க சித்தி இன்னும் அதைச் சொல்லிப் புலம்பறாங்க.

யானைவழி
அக்கா சொல்றது தளிக்குச் சரி. ஆனா கிராம சபை எல்லா ஊராட்சிக்கும் அப்படி நடக்காதுக்கா. பெட்டமுகிலாளம் பக்கம் போய்ப் பாருங்க. ஒரே ஊராட்சி, ஆனா குக்கிராமங்கள் மலையில இங்க ஒண்ணு அங்க ஒண்ணு. சபை நடக்கிற இடத்துக்குக் காட்டுப் பாதையில நடந்து வந்து திரும்பணும். ராகி முத்தற சமயம்னா ராத்திரியெல்லாம் பரண்ல முழிச்சிருந்தவன் காலையில எப்படி வருவான்? பன்னேர்கட்டாவுல இருந்து கூட்டம் கூட்டமா யானை ஜவளகிரி, நொகனூர் காட்டு வழியா இறங்கற காலம் அது. காட்டை ஒட்டின தெருவுக்கு விளக்குப் போடறது ஊராட்சி, யானையை விரட்டறது வனத்துறை, பயிருக்கு நஷ்டஈடு வனத்துறைன்னாலும் சர்வே எண்ணுக்கு விஏஓ சான்று. மூணு ஆபீஸ். 2014ல காவிரி வடக்கு சரணாலயம் அறிவிச்ச பிறகு காட்டுக்குள்ள ரோடு, கரண்ட் கம்பம் எதுக்கும் வனத்துறை அனுமதி தேவை. நான் அதுக்கு எதிரி இல்லை, காடு இல்லாட்டி நம்ம மேடு மேடே இல்லை. ஆனா அந்த ஊர்த் தலைவருக்கு அதிகாரம்னு கையில இருக்கிறது பெரும்பாலும் லெட்டர் பேடுதான்.

கர்ணம்வீட்டுப் பேரன்
பேரூராட்சியை விட்டு நகராட்சி ஆகணும்னு சில பேர் தேன்கனிக்கோட்டையிலயும் சொல்றாங்க. 30 ஆயிரம் ஜனம் வேணும்னு சட்டம். எனக்கு பயம் வேற. மத்திகிரி ஒரு பேரூராட்சியா இருந்தது, நினைவிருக்கா? மாட்டுப் பண்ணை, பழைய பங்களாக்கள், தனி ஊர் வாசனை. 2011ல ஓசூர் நகராட்சியில கரைஞ்சுது. 2019ல ஓசூர் மாநகராட்சி. இப்போ மத்திகிரின்னா ஓசூர்ல ஒரு ஏரியா.

பாலக்கோடு தக்காளி
மத்திகிரிக்காரங்களுக்கு ரோடு வந்துச்சு, நிலம் விலை ஏறிச்சு. வாசனை போனதுக்கு நீங்கதான் அழறீங்க, அவங்க இல்லை.

கர்ணம்வீட்டுப் பேரன்
நிலம் வித்தவன் அழமாட்டான். வாடகைக்கு இருக்கிறவனைக் கேளுங்க.

கோட்டைவாசல்
தண்ணி பத்தி யாரும் சொல்லலையே. ஒகேனக்கல் தண்ணி மலரில வரணும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்
அது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, முட்டி வளைந்த பிள்ளைகள். தருமபுரி, பென்னாகரம் பக்கம் இதைப் பார்க்காதவர் கிடையாது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. 3 நகராட்சி, 17 பேரூராட்சி, அத்தோடு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள். அந்த 17இல் நீங்களும் உண்டு. மத்திகிரியும் அந்த எண்ணிக்கையில் இருந்தது, திட்டம் முடிவதற்குள் அது பேரூராட்சியாக இல்லை என்பது வேறு.

காவிரி கீழே பள்ளத்தில் ஓடுகிறது, ஓசூர் மேடு சுமார் மூவாயிரம் அடி உயரம். பம்பு போட்டுப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வழியில் எங்காவது கரண்ட் போனால், குழாய் உடைந்தால், கடைசியில் இருக்கிறவனுக்குத்தான் முதலில் நிற்கும். மேட்டுக்காரர்கள் கடைசி. தண்ணீரை அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியம், மேல்நிலைத் தொட்டிக்கு வந்த பிறகு தெருவுக்கு விடுவது பேரூராட்சி. தண்ணீர் வராத அன்று திட்டு முழுக்க தெருவில் வால்வு திறக்கும் ஆளுக்குத்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொட்டியில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்.

யானைவழி
மலரில அந்த வால்வுக்காரருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்க. தலைவர், செயல் அலுவலர் எல்லாரும் மாறிட்டாங்க, எங்க தெரு வால்வுக்காரர் மாறலை. எந்தத் தெருவுக்கு எத்தனை சுத்து திறந்தா மேட்டு வீட்டுக்கு ஏறும்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். லீவு போட்டார்னா மாத்து ஆள் வந்து திறப்பார், பள்ளத்துத் தெருவுல தண்ணி ரோட்டுல ஓடும், எங்களுக்குக் காத்துதான் வரும்.

மட்டுறுத்துநர்
இழை நன்றாகப் போகிறது. இப்போது பதவியில் இருப்பவர்கள் பெயரையும் கட்சியையும் இழுத்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

மலைச்சாலை
சரி, என் கேள்வி. தேன்கனிக்கோட்டைக்கு வெளியே ஒரு கிராம ஊராட்சியில சின்ன மனை. 2014ல அப்பா வாங்கினது, பத்திரம் இருக்கு, பட்டா அப்பா பேர்ல இல்லை. வீட்டு வரி ரசீது இருக்கு. அதை வச்சு வீடு என்னோடதுன்னு பேங்க்ல காட்டலாமா? ஊராட்சியில கேட்டா தாலுகா ஆபீஸ் போங்கறாங்க, தாலுகாவுல கேட்டா ஊராட்சியில அனுமதி வாங்கினீங்களாங்கறாங்க.

ஓய்வுபெற்ற எழுத்தர்
மேலே தளி ரோஜா கேட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதான்: நிலம் ஒரு கை, ஊர் வசதி இன்னொரு கை. வீட்டு வரி ரசீது நிலத்தின் உரிமைக்குச் சான்று ஆகாது. அந்தக் கட்டடத்துக்கு வரி கட்டினீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். பிறகு பத்திரத்தை வைத்துப் பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளப்பார். மனை அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், 2016 அக்டோபர் 20க்கு முன் பத்திரம் ஆனவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் திட்டம் வந்தது. உங்களுடையது 2014 என்பதால் தேதிக் கணக்கில் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். அந்த மனைப்பிரிவு ஏற்கெனவே வரன்முறை ஆகிவிட்டதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள், ஆகியிருந்தால் உங்கள் மனைக்கு மட்டும் கட்டணம் கட்டினால் போதும். ஊராட்சியில் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.